பொட்டு வைத்த கலங்கரை விளக்கம்

கிள்ளானில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேரின் மோவாயைத் தொட்டுத் திருப்பிவிட்டவர் ஜெயராஜ். மீதிப் பாதிப் பேர் ஐசி என்கிற அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்க வந்து அவர் கையால் திரும்பியவர்கள். "நேரா பாருங்க. சிரிக்காதீங்க. காது ரெண்டும் தெரியணும்." இந்த மூன்று வாக்கியங்களை முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் சோற்றுத் தட்டை நீட்டிய மனைவியிடமும் "சிரிக்காதீங்க" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடை, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. பதினேழு படி. திறந்த புதிதில் இரண்டிரண்டாகத் தாவி ஏறியவர், ஐம்பத்தொன்பது வயதில் ஒன்பதாவது படியில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பார். யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். மூச்சு வாங்குவதற்கு அது ஒரு கௌரவமான ஏற்பாடு. கல்யாணங்களெல்லாம் டிரோன் பறக்கவிடும் இளவட்டங்களிடம் போய்விட்டன. இப்போது அவரிடம் வருவது விசா படம், பள்ளிக்கூடப் படம், செத்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கும் வேலை. உயிரோடு இருப்பவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் பெயர் போகவில்லை. ஷா ஆலமிலிருந்து காஜாங் வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் சொல்வார்கள்: லைட்ஹவுஸ் ஜெயராஜ். அந்தப் பெயர்தான் அவருடைய பெருமை. அந்தப் பெயர்தான் அவருடைய முதுகுவலி.

கடையின் எதிர்ச் சுவரில் ஒரு படம் தொங்கியது. கரும்பாறை மேல் வெள்ளை வெளேரென்று ஒரு கலங்கரை விளக்கம். அடியில் அலை வந்து மோதி, கோபுரத்தின் இடுப்பு வரைக்கும் நுரை எழும்பி நிற்கும். வானம் அடித்துத் துவைத்த நீலம். பார்க்கிறவர்கள் முகத்தில் தண்ணீர் தெறித்ததுபோல் ஓர் அடி பின்னால் போவார்கள். அதை எடுத்தது ஜெயராஜ் என்பது ஊரறிந்த விஷயம்.

ஊர் அறியாத விஷயம், அவர் அதை எடுக்கவில்லை என்பது.

கடை திறந்த தொண்ணூற்று நான்கில் அந்தச் சுவரில் ஓர் ஈரத் திட்டு இருந்தது. இரண்டு முறை சாயம் அடித்தும் திரும்பத் திரும்ப முகம் காட்டியது. கப்பல் சாமான் விற்கும் ஏதோ ஒரு கம்பெனியின் காலண்டர் கையில் கிடைத்தது. அதில் ஒரு மாதத்தாளை எடுத்து, தேதிகளை வெட்டி எறிந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் திட்டை மறைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஒரு வாரம் கழித்து, மகளுக்கு நிச்சயம் பேசியிருந்த வீரம்மா என்கிற அம்மாள் வந்தார். படத்தைப் பார்த்து அசந்துபோய், "நீங்க எடுத்ததா தம்பி?" என்று கேட்டார். ஜெயராஜின் இரண்டு கையும் கேமராவுக்குள் இருந்தன. வாயில் பிலிம் டப்பாவின் மூடியைக் கவ்வியிருந்தார். பதில் சொல்ல முடியவில்லை. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது. ஊரார் மோவாயையெல்லாம் நிறுத்தத் தெரிந்தவருக்குத் தன் மோவாயை நிறுத்தத் தெரியவில்லை.

அந்தத் தலையாட்டலுக்கு ஒரு கல்யாணம் கிடைத்தது. கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எடுத்த படத்துக்கு ஒரு கதை வேண்டுமே. ஒரு படகு வந்தது. அடுத்த கல்யாணத்தில் படகோடு புயல் வந்தது. மூன்றாவது வருஷம், படகின் அடியில் ஒரு முதலை முதுகு சொறிந்துகொண்டது. பத்தாவது வருஷத்தில் முதலைகள் குடும்பத்தோடு வந்தன. ஜெயராஜ் பாறையில் மூன்று நாள் வெறும் பிஸ்கட்டைத் தின்று உயிர் பிழைத்தார். கேமராவை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்ததால் நனையவில்லை. சீதாலெட்சுமி, அவர் மனைவி, பக்கத்தில் இருந்தால் ரசம் ஊற்றிக்கொண்டே, "போன தடவ ரெண்டு முதலைனுதானே சொன்னீங்க" என்பாள். "குட்டியச் சேர்க்கல," என்பார் இவர்.

ஆரம்பத்தில் சொல்லச் சொல்ல உற்சாகமாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போக அந்த முதலைகளுக்குத் தீனி போட்டே இளைத்துப்போனார்.

காலண்டர் தாளின் வலது கீழ் மூலையில் தங்க எழுத்தில் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. முதல் சரஸ்வதி பூஜையன்று சீதாலெட்சுமி சந்தனக் கிண்ணத்தோடு வந்து கேமராவுக்கு, முக்காலிக்கு, விளக்குகளுக்கு, படம் வெட்டும் கத்தரிக்கோலுக்கு எல்லாம் பொட்டு வைத்துவிட்டு அந்தப் படத்தின் முன் நின்றாள்.

"இங்க என்னமோ பேர் போட்டிருக்கே," என்றாள்.

அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அந்தப் பெயரின் மேல் ஒரு பெரிய சந்தனப் பொட்டை வைத்து, நடுவில் குங்குமத்தை அழுத்தினாள். அன்றோடு அந்த விஷயம் அவர்கள் வீட்டில் பேசி முடிந்துவிட்டது. மூன்றாம் வருஷம் சட்டத்தின் கண்ணாடி உடைந்தது. புதிது போடவில்லை. அதற்கப்புறம் பொட்டு நேராகத் தாளிலேயே விழுந்தது. வருஷத்துக்கு ஒன்று, ஒன்றின்மேல் ஒன்றாக. இப்போது அது புளியங்கொட்டை கனத்துக்கு வளர்ந்திருந்தது. வந்தவர்கள் அதையும் வணங்கினார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கடையில் முதலைப் பேச்சு கிடையாது. காரணம் தம்பு. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் எழுபத்தெட்டு வயது யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர். மனைவி போன பிறகு, வெள்ளிதோறும் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து கோயிலில் ஓர் அர்ச்சனை, பிறகு ஜெயராஜ் கடையில் காற்றாடிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. ஒன்பது வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. ஒரு தடவை பென்சன் படத்துக்கு உட்கார்ந்தவர், காற்று பிடித்துப்போய் அப்படியே தங்கிவிட்டார். அந்தப் படம் எடுக்கும்போதுதான் ஜெயராஜ் கேட்டார், என்ன வேலையில் இருந்தீர்கள் அங்கிள் என்று. "மரைன் டிப்பாட்மென்ட். கலங்கரை விளக்குக் காவல். இருபத்திரண்டு வருசம்," என்றார் தம்பு. அன்றுமுதல் தம்பு வாசலில் தலை காட்டினால் முதலைகளெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். தம்புவும் ஒன்பது வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நிலைமை இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது சுகுமாறன் பதினேழு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தான். புகைப்படக்காரர்கள் சங்கத்துச் செயலாளர். டிரோன்காரன், ஆனால் நல்ல பிள்ளை.

"அண்ணே, பசியாறிட்டீங்களா? சங்கத்துக்கு இருபத்தஞ்சாவது வருசம். இன்னும் மூணு வாரத்துல, ஞாயித்துக்கிழம, மண்டபம் புக் பண்ணியாச்சு. உங்களுக்குத்தான் பொன்னாடை. மறுக்கக் கூடாது லா."

"எனக்கு எதுக்குப்பா."

"உங்களுக்கு இல்லாம யாருக்கு? மலர் அட்டையில அந்த லைட்ஹவுஸ் படம். மேடைக்குப் பின்னாலயும் இருபதடிக்கு அதே படம். அதான் நெகட்டிவ் வாங்கிட்டுப் போக வந்தேன்."

ஜெயராஜ் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த இடத்தில் நாற்காலி இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

"முப்பது வருசத்து நெகட்டிவ்ப்பா. தேடணும்."

"தேடுங்கண்ணே. சுவத்துல இருக்கிறத எடுத்தா தெளிவா வராது. பொட்டு வேற. எல்லாரும் நெகட்டிவப் பாக்கணும்னு ஆசப்படறாங்க. கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு ஐடியா."

அவன் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பொன்னாடை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இருபதடிக்குப் பெரிதாக்கினால் அலைக்கு நடுவில் அச்சுப் புள்ளிகள் தெரியும். மண்டபம் முழுக்க உட்கார்ந்திருக்கப்போவது புகைப்படக்காரர்கள்; அவர்களுக்குத் தெரியாதா. இந்தப் படம் திருட்டு என்றால், அப்போ மூவாயிரம் கல்யாணம்? வீரம்மா மகளின் தாலிகட்டு? செத்தவர்களின் கண்ணை அவர் கையால் தீட்டித் திறந்துவைத்த அத்தனை படங்கள்? ஒன்றைத் திருடியவன் எதைத்தான் எடுத்திருப்பான் என்று ஊர் கேட்கும். இந்த வயதில் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பதினேழு படி ஏற முடியாது.

வீட்டில் ஐஸ்பெட்டியில், கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பின்னால், ஒரு பிலிம் சுருள் இருந்தது. கறுப்பு வெள்ளை. கெட்டுப்போகும் தேதி கடந்து பதினாறு வருஷம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நிஜமா ஒண்ணு எடுத்துட்டு வந்துடலாம்னு பாக்குறேன்," என்றார்.

சீதாலெட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "முப்பது வருசம் கழிச்சா?"

"நெகட்டிவ்னு ஒண்ணு கையில இருக்கும்ல. வேற லைட்ஹவுஸா இருந்தா என்ன, அன்னிக்கே ரெண்டு எடுத்தேன்னு சொல்லிக்கலாம்."

"சொல்றதுக்கு நீங்க எப்பதான் சளைச்சீங்க. கடலுக்கா போறீங்க? கேரித் தீவுப் பாலத்துல கார்ல போனதுக்கே வாந்தி எடுத்த ஆளு."

வெள்ளிக்கிழமை வந்தது. தம்புவும் வந்து காற்றாடிக்குக் கீழ் அமர்ந்தார். ஜெயராஜ் கோப்பி வாங்கி வைத்தார். வழக்கத்தில் இல்லாத கோப்பியைத் தம்பு சந்தேகமாகப் பார்த்தார்.

"அங்கிள், நீங்க இருந்த லைட்ஹவுஸ் இன்னும் இருக்கா?"

"இருக்கு. இப்ப ஆள் இல்லை. சூரிய வெளிச்சத்தில தானே எரியுது."

"அங்க போக முடியுமா?"

தம்பு கோப்பியை ஒரு வாய் குடித்தார். சுவரைப் பார்க்கவில்லை. "முடியும். எனக்குத் தெரிஞ்ச சீனர் ஒருத்தர் படகு வச்சிருக்கிறார். ஏன் எதுக்கு எண்டு நான் கேக்கப்போறேல்லை. ஆனா வெறும் வயித்தோட வாரும்."

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டார்கள். துறைமுகத்தின் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிகள்போல் வரிசையாக நின்றன. வெறும் வயிற்றோடு வரச் சொன்னதை ஜெயராஜ் மதிக்கவில்லை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு பொட்டலம் சாப்பிட்டிருந்தார். கேத்தாம் தீவைத் தாண்டுவதற்குள் இரண்டும் கடலுக்குப் போய்விட்டன. படகுக்காரச் சீனர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு வேகத்தைக் கூட்டினார். தம்பு மட்டும் வரவேற்பறைச் சோபாவில் இருப்பதுபோல் இருந்தார். எட்டுத் தடவை உயிர் போய் வந்தது ஜெயராஜுக்கு. ஒன்பதாவது தடவை போன உயிர் அலுத்துப்போய்த் திரும்பாமல் பாதி வழியிலேயே உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் தம்பு பேசினார்.

"உம்மட கடைச் சுவரில இருக்கிறது எங்கட கடல் இல்லை."

ஜெயராஜ் படகின் விளிம்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கவும் முடியவில்லை.

"அந்தக் கலண்டர் எங்கட ஒப்பீசுக்கும் வந்தது. தொண்ணூற்று நாலு. உம்மட படம் ஆகஸ்ட் மாசம். நான் அதிலதான் லீவு நாள் குறிச்சு வச்சனான். பத்தொன்பதாம் திகதி மனிசிக்குக் காது ஒப்பரேசன்."

படகு ஏறி இறங்கியது.

"ஒம்பது வருசமா தெரியுமா அங்கிள்?"

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீர் வெக்கப்படுவீர். நீர் வெக்கப்பட்டா நான் வந்து இருக்கேலாது. கிள்ளானில வேற எங்க அப்பிடியொரு காற்றாடி இருக்கு?"

ஜெயராஜ் சிரிக்கப் பார்த்தார். வயிறு அனுமதிக்கவில்லை. சுகுமாறன் வந்துபோன நாள் முதல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததுபோல் இருந்தது, இறங்கவில்லை.

கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது, தெரிகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. பாறை இல்லை. அலை இல்லை. சேற்று நிறத் தண்ணீரில் இரும்புக் கால்கள் நான்கு. அவற்றின் மேல் ஒரு தகரக் குடிசை. அதன் மேல் கூண்டுக்குள் ஒரு விளக்கு. வெள்ளைச் சாயம் உரிந்து துரு வழிந்த கோடுகள். கூரையில் சூரியத் தகடுகள். கைப்பிடிக் கம்பியெல்லாம் பறவை எச்சம். காட்டுத்தீப் புகைமூட்டம் பரவும் மாதம், சூரியன் துலக்காத பித்தளைத் தட்டுபோல் தொங்கியது. தண்ணீர் ஏற்றமாக இருக்கும் ஒரு மணி நேரம்தான் கிட்டே நிற்கலாம், அப்புறம் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்று சீனர் சொன்னார்.

"இதுதானா?" என்றார் ஜெயராஜ்.

"இதுதான்," என்றார் தம்பு. கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருசம்."

அழகாக எடுக்க ஒன்றுமில்லை. பக்கவாட்டில் எடுத்துப் பார்க்கலாமா, கீழிருந்து எடுத்தால் உயரமாகத் தெரியுமா என்று யோசிக்க அவர் உடம்பில் தெம்பும் இல்லை. கேமராவைக் கண்ணில் வைத்தார். படகு ஆடியது. ஓர் அழுத்து. கோபுரம் சாய்ந்தது. இன்னோர் அழுத்து. பாதி வானம் போனது. பதினோரு தடவை இப்படிப் போயிற்று. கடைசியில் அவர் கை தானாகவே, தெரிந்த வேலைக்குத் திரும்பியது. சீனரிடம் மலாயில் சொல்லிப் படகை நேர் எதிரே கொண்டுவந்தார். இடது கை கேமராவை விட்டுக் காற்றில் நீண்டு, யாருடைய மோவாயையோ மெல்லத் தொட்டுத் திருப்பியது.

"நேரா பாருங்க," என்று முணுமுணுத்தார். "சிரிக்காதீங்க."

கோபுரத்தின் இரண்டு பக்கத்திலும் துருத்திக்கொண்டிருந்த கைப்பிடி மேடைகள் இரண்டும் சமமாகத் தெரிந்தன. காது மாதிரி. அழுத்தினார்.

வீட்டுக் குளியலறையில், மிச்சம் இருந்த மருந்துத் தண்ணீரில் சுருளைக் கழுவினார். வாடை தாங்காமல் சீதாலெட்சுமி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டில் பதினொன்று குப்பை. ஒன்று மட்டும் வந்திருந்தது. சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர், நட்ட நடுவே நேராக நிமிர்ந்து ஒரு கலங்கரை விளக்கம், பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்ததுபோல.

சுகுமாறன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது என்னண்ணே? ஐசி படம் மாதிரி இருக்கு."

"நான் எடுத்தது இதான்ப்பா."

"நீங்க எடுத்ததுல இதும் ஒண்ணா இருக்கும். ஆனா அது கெடைக்கலன்னு சொல்லுங்க. பரவால்ல லா. நான் சுவத்துப் படத்தையே எடுத்துக்கிறேன். கம்பூட்டர்ல புள்ளியெல்லாம் வழிச்சுட்டா சுத்தமா வந்துரும். பொட்டையும் வச்சுக்கலாம். பொட்டோட இருந்தா மங்களகரமா இருக்கும்."

அவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். கிளிக் என்ற சத்தம்கூட வரவில்லை. முப்பத்தொரு வருஷமாக ஜெயராஜ் பயந்தது நடக்காமலே போய்விடும்போல் இருந்தது. அது இன்னும் அலுப்பாக இருந்தது.

விழா ஞாயிறு மத்தியானம். மண்டபத்தில் முன்னூறு பேர். எல்லார் கழுத்திலும் கேமரா. யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் நுரை எழும்பியது. வலது மூலைப் பொட்டு ஒரு சைக்கிள் சக்கரம் அளவுக்கு இருந்தது. தம்பு மூன்றாம் வரிசையில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே இடம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீதாலெட்சுமி.

பொன்னாடை போர்த்தினார்கள். கனமாக இருந்தது, வேர்த்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஜெயராஜ் ஒரு தரம் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். இன்றைக்கும் சொல்லாமல் இறங்கினால் அந்தப் பொட்டு அவர் நெற்றிக்கே வந்துவிடும் என்று தோன்றியது.

"இந்தப் படத்த நான் எடுக்கல," என்றார்.

பின்னால் இருந்த அலையைக் கையால் காட்டினார்.

"இது காலண்டர் படம். கடையில செவுரு ஈரமா இருந்துச்சு, அத மறைக்க மாட்டினேன். ஒரு அம்மா கேட்டாங்க, நான் தலையாட்டிட்டேன். வாயில மூடி இருந்துச்சு."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு ஒரு வரிசை.

"நெசமா சொல்றேன். நான் அங்க போனதே இல்ல. அது எந்த ஊருன்னே தெரியாது."

சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "அண்ணன் புதுசா ஆரம்பிக்கிறாரு," என்றது ஒரு குரல். "முதல எங்கண்ணே? முதலைக்கு வாங்க," என்றது இன்னொன்று. ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், "எவ்ளோ தன்னடக்கம் பாரு."

"முதலை இல்லம்மா," என்றார் ஜெயராஜ். குரல் இறங்கிப்போயிற்று. "ஒரு முதலையும் இல்ல. இப்பதான் மொத மொதல்ல கடலுக்குப் போனேன். ரெண்டு நாசி லெமாக் வாந்தி எடுத்தேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் சொன்ன கதைகளிலேயே சிறந்தது இதுதான் என்று சுகுமாறன் மைக்கை வாங்கிச் சொன்னான்.

மறுநாள் சுகுமாறனைக் கடைக்கு வரவழைத்தார். ஈரத்துணியும், படம் வெட்டும் கத்தியும் மேசைமேல் இருந்தன.

"இங்க வா. இந்தப் பொட்டுக்குக் கீழ கம்பெனி பேரு இருக்கு. தங்க எழுத்துல. பாத்துக்க."

"எதுக்குண்ணே இதெல்லாம்."

"பாரு."

சந்தனத்தை நனைத்தார். கத்தியின் முனையால் மெதுவாக நெம்பினார். இத்தனை வருஷத்துப் பொட்டு முனகாமல், ஒரு வில்லையாகக் கழன்று வந்தது. அதோடு தாளும் வந்தது. பொட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்குள், முப்பத்தொரு வருஷம் கழித்தும் காயாத ஈரத் திட்டு எட்டிப் பார்த்தது. வில்லையைத் திருப்பிப் பார்த்தார். சந்தனம் காகிதத்தை எப்போதோ தின்று முடித்திருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"அருமையான படத்தக் கெடுத்துட்டீங்களேண்ணே," என்றான் சுகுமாறன். உண்மையாகவே வருந்தினான்.

அவன் போன பிறகு ஜெயராஜ் அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு கடையை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சாமி மேடையில் வைத்தார். பூஜைப் பொருளைக் குப்பையில் போடலாமா. சீதாலெட்சுமி வந்து ஓட்டையைப் பார்த்தாள், வில்லையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் முன்பு பேசி முடித்த விஷயம்தானே. பழைய படத்தை இறக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். புதுப் படத்தை ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு அந்த ஆணியில் மாட்டினார். ஈரத் திட்டு பாதிதான் மறைந்தது.

வெள்ளிக்கிழமை தம்பு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், அப்படியே இருந்தார். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். ஒன்பது வருஷத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் அவர் போனது அதுதான் முதல் தடவை.

"நல்லா வரல அங்கிள்," என்றார் ஜெயராஜ். "எல்லாரும் ஐசி படம்ங்கிறாங்க."

"ஓம். ஐசி படம்தான்." தம்பு தன் மூக்கு சட்டத்தின் கண்ணாடியில் முட்டுமளவுக்குக் குனிந்தார். "சனத்துக்குள்ள நிண்டாலும் இதைக் கண்டுபிடிச்சிடுவன். இதிலதான் இருபத்திரண்டு வருசம் படுத்தெழும்பினனான்." விரலால் படத்தின் கீழ்ப்பக்கம் ஓரிடத்தைத் தொட்டார். "கீழ ஏணியைப் பாரும். மூண்டாவது படி இல்லை, தெரியுதோ?"

ஜெயராஜ் எழுந்து வந்து பார்த்தார். இரும்பு ஏணியில் ஒரு படி இல்லைதான். எடுக்கும்போது கண்ணில் படவில்லை.

"ஆமா. என்னாச்சு?"

தம்பு நாற்காலிக்குத் திரும்பி, சாவகாசமாக உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டார்.

"எண்பத்தாறாம் ஆண்டு," என்றார். "நல்ல மழை நாள். நான் மேல நிண்டு விளக்குத் துடைச்சுக்கொண்டு இருந்தனான். கீழ பாத்தா, ஒரு முதலை."

ஜெயராஜ் அவரைப் பார்த்தார். தம்புவின் முகத்தில் சிரிப்பு இல்லை, நேராகத்தான் பார்த்தார், காது இரண்டும் தெரிந்தன. கேட்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. ஜெயராஜ் காற்றாடியை ஒரு சுற்றுக் கூட்டிவிட்டு, எதிரே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க அங்கிள்," என்றார். "ஒண்ணுதானா?"